பசுந்தீவனமும் ஜீவ ரசாயனமும்: பின்லாந்துப் பேராசிரியர் விர்த்தனென் செய்த ஆராய்ச்சிகள்

மாரிக்காலத்தில் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் புல் மண்டிக் கிடக்க, அதனை வெட்டுவதற்கு ஆள் கிடைப்பது அரிது. பங்குனி சித்திரை மாதங்களிலோ, அதே மாடுகள் வெறும் வைக்கோலை மென்று எலும்புந் தோலுமாய் நிற்கும். மிகுந்த காலத்துப் பசுமையைக் குறைந்த காலத்துக்குச் சேமித்து வைப்பது எப்படி என்பது கால்நடை வளர்க்கும் எந்நாட்டுக் குடியானவர்க்கும் உள்ள கேள்வி. இக்கேள்வியைத் தம் வாழ்நாளின் நடுப்பொருளாகக் கொண்டு, விடை கண்டு, அதற்காக 1945-ஆம் ஆண்டில் ரசாயன சாஸ்திரத்துக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் பின்லாந்து தேசத்துப் பேராசிரியர் ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென். விவசாயத்தையும் உணவையும் பற்றிய ரசாயன ஆராய்ச்சிகளுக்காகவும், சிறப்பாகத் தீவனத்தைப் பதனப்படுத்தும் முறையைக் கண்டதற்காகவும் பரிசு வழங்குவதாக அக்கழகத்தார் அறிவித்தனர். மாட்டுத் தீவனத்தின் பெயரால் நோபல் பரிசு பெற்றவர் வேறொருவர் இருப்பதாகத் தெரியவில்லை.

விர்த்தனென் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி ஹெல்சின்கி நகரில் பிறந்தார். அந்நகரத்துச் சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்று 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்விட்ஸர்லாந்திலும் ஸ்வீடனிலும் மேற்பயிற்சி பெற்றார். ஸ்வீடனில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் நொதிப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்புகழ் படைத்த ஹான்ஸ் வான் ஆய்லர் என்பவர். நொதிகளைப் பற்றி அங்கே கற்றுக்கொண்டது பிற்காலத்தில் விர்த்தனெனுடைய எல்லா வேலைக்கும் அடிப்படையாயிற்று.

இவ்வளவு படித்தவர் 1921-இல் ஏற்றுக்கொண்ட பதவி ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் பரிசோதனைச் சாலைத் தலைமை என்பது கவனிக்கத் தக்கது. வாலியோ என்னும் அச்சங்கம், பின்லாந்துப் பால்பண்ணைக் கூட்டுறவுகள் 1905-இல் ஒன்றுகூடி வெண்ணெயை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்காக ஏற்படுத்திக் கொண்டது. குடியானவர்களின் பங்குப் பணத்தால் நடந்த ஒரு சங்கம் ஜீவ ரசாயனத்தில் உயர்ந்த பயிற்சி பெற்ற ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அவரும், பால் கொணர்ந்த பண்ணையார்களின் தொல்லைகளையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

முதல் தொல்லை வெண்ணெயைப் பற்றியது. உப்பிட்ட வெண்ணெய் கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் இருந்தால் மீன் வாடையும் எண்ணெய் வாடையும் ஏறி விலை குன்றும். வெண்ணெயில் தங்கும் புளிப்பே இதற்குத் துணைபுரிகின்றது என்று விர்த்தனென் கண்டார். சோடியமும் பாஸ்பரமும் கலந்த ஓர் உப்பைச் சிறிதளவு சேர்த்துப் புளிப்பைக் குறைத்ததும், வெண்ணெய் கெடாமல் நின்றது. 1920களில் கண்ட இம்முறை பின்லாந்தின் ஏற்றுமதி வெண்ணெய்க்குப் பல ஆண்டுகள் கைக்கொள்ளப்பட்டது. வெண்ணெயில் புளிப்பைக் குறைத்துச் சரக்கைக் காத்தவர், அடுத்து வந்த தீவன விஷயத்தில் புளிப்பைக் கூட்டிச் சரக்கைக் காத்தார்.

அந்நாட்டின் நிலைமையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பின்லாந்து பூமியின் வடகோடியை அடுத்த நாடு. கோடைக்காலம் குறுகியது, ஆண்டில் ஏழெட்டு மாதம் மாடுகளைக் கொட்டிலில் கட்டியே தீனி போட வேண்டும். கோடையில் புல்லும் குளோவர் என்னும் பயறினத் தீவனச் செடியும் செழித்து வளரும். ஆனால் அவற்றை அறுத்து உலர்த்தும் சமயத்தில் மழை பிடித்துக்கொள்ளும். நனைந்து உலர்ந்து மறுபடி நனைந்த புல்லில் இலைகள் உதிர்ந்து போகும், சத்துக் கரைந்தோடும், எஞ்சுவது தண்டு. அதனை மட்டும் தின்று மாடு பால் கறக்காது. ஆகையால் பிண்ணாக்கை அயல்நாட்டிலிருந்து விலைக்கு வாங்கிப் போட்டனர். நிலத்துக்கு வேண்டிய நைட்ரஜன் எருவும் அவ்வாறே கப்பலில் வந்தது. 1914-இல் தொடங்கிய யுத்தத்தில் கப்பல் வழி அடைபட்டபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் யாவர்க்கும் விளங்கிற்று. வானத்து நைட்ரஜனைப் பயறினச் செடியின் மூலம் நிலத்துக்குக் கொணர்வதும், அச்செடியில் சேர்ந்த புரதச் சத்தைக் குளிர்காலம் வரை கெடாமல் காப்பதும் கைகூடினால் பிண்ணாக்கும் வேண்டாம், எருவும் வேண்டாம் என்று விர்த்தனென் கணக்கிட்டார். அவருடைய இருவகை ஆராய்ச்சிகளும் இவ்வொரு கணக்கிலிருந்தே கிளைத்தவை.

பசும்புல்லைக் குழியிலோ கோபுரம் போன்ற தொட்டியிலோ இட்டு, காற்றுப் புகாமல் மிதித்து அமுக்கி மூடிவைத்தால் அது ஊறுகாய்ப் புல் ஆகும் என்பது ஐரோப்பாவில் முன்னமே தெரிந்த செய்தி. ஆனால் ஒரு பண்ணையில் நறுமணத்தோடு நன்றாய் வரும்; அடுத்த பண்ணையில் நாற்றமெடுத்துக் குப்பைக்குப் போகும். ஏன் இவ்வாறு நேர்கின்றது? அறுத்த புல் உடனே மடிவதில்லை. அது மூச்சுவிட்டுக் கொண்டிருக்கும். அம்மூச்சில் அதன் சர்க்கரை எரிந்து, குவியல் சூடேறும். காற்று அற்றுப்போனபின் பால் புளிப்புக் கிருமிகள் மிச்சமுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். புளிப்பு விரைவாக ஏறினால் மற்றக் கிருமிகள் அடங்கிவிடும். தீவனம் நிலைத்து நிற்கும். புளிப்பு ஏறத் தாமதித்தாலோ, மண்ணோடு கலந்துவந்த வேறொரு வகைக் கிருமிகள் பெருகும். இவை முன்பு உண்டான நல்ல புளிப்பையும் தின்று, புரதத்தையும் சிதைத்து அம்மோனியாவாக்கி, கெட்ட வெண்ணெயின் நாற்றமுடைய பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும். இக்கிருமிகளின் வித்துக்கள் சாணத்தின் வழியாகப் பாலில் புகுந்தால் பாலாடைக்கட்டி வீங்கி வெடித்துப்போகும். அதனால் வாலியோ சங்கத்தார்க்கு இது தீவனத்தோடு மட்டும் நிற்கும் கவலையாக இருக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சோளம், மக்காச்சோளம் முதலிய தானியப் பயிர்களில் சர்க்கரை மிகுதி. அவை எளிதில் புளிக்கும். புரதம் மிகுந்த குளோவர், குதிரை மசால் முதலியவற்றில் சர்க்கரை குறைவு. உண்டாகும் புளிப்பையும் அவற்றின் புரதமும் உப்புக்களும் பெரும்பகுதி முறித்துவிடும். சுருங்கச் சொன்னால், எந்தத் தீவனத்தைக் காப்பாற்றுவதில் லாபம் அதிகமோ அதுவே காப்பாற்றுவதற்குக் கடினமானது.

கிருமிகள் மெல்ல மெல்லப் புளிப்பை உண்டாக்கும் வரை காத்திராமல், புல்லை அடுக்கும்போதே வேண்டிய புளிப்பை நாமே ஊற்றிவிட்டால் என்ன என்பது விர்த்தனென் கண்ட யுக்தி. பார்வைக்கு இது எளிய காரியம். எவ்வளவு புளிப்பு என்பதில்தான் அவருடைய பரிசோதனைச் சாலை உழைப்பெல்லாம் அடங்கியிருந்தது. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் எண் 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அந்த எண் 4-க்குக் கீழே இறங்கிவிட்டால் புல்லின் மூச்சு அடங்குகிறது, கெட்ட கிருமிகள் செயலற்றுப் போகின்றன, புரதச் சிதைவு நிற்கிறது என்று கண்டார். 3-க்கும் கீழே இறக்கினால் மாட்டுக்கு ஆகாது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்குமாறு, உப்புத் திராவகத்தையும் கந்தகத் திராவகத்தையும் நீரில் மிகவும் கலக்கி, அடுக்கடுக்காய்ப் போடும் புல்லின்மேல் தெளித்து மிதிக்கச் செய்தார். பயிர் வகைக்கு ஏற்ப அளவும் மாறிற்று. 1920களின் இறுதியில் இம்முறை பண்ணைகளுக்குச் சென்றது. அவருடைய பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ஏ.ஐ.வி. தீவனம் என்று வழங்கலாயிற்று.

திராவகம் ஊற்றிய புல்லை மாட்டுக்குப் போடுவதா என்று பண்ணையார்கள் முதலில் அஞ்சியது நியாயமே. பல்லும் எலும்பும் கரையும், பால் புளிக்கும், கன்று பிழைக்காது என்றெல்லாம் ஐயங்கள் எழுதல் இயல்பு. விர்த்தனென் அவற்றைப் பேச்சினால் மறுக்காமல் மாடுகளைக் கொண்டே சோதித்தார். தீவனத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சோடாவும் சிறிது கொடுத்தால் உடலில் புளிப்பு மிகாது என்று கண்டார். அன்றியும், பசுமையிலுள்ள கரோட்டின் என்னும் மஞ்சள் சத்து இம்முறையில் பெரும்பாலும் அழியாமல் நின்றது. அதிலிருந்தே உடலில் ஏ வைட்டமின் உண்டாகிறது. குளிர்காலத்தில் வெளிறிப் போகும் வெண்ணெய், இத்தீவனம் தின்ற மாடுகளிடம் கோடை வெண்ணெயைப் போல மஞ்சளாய் இருந்தது. அந்நிறத்தைக் கண்ணாற் கண்ட பண்ணையார்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. விர்த்தனென் 1933-இல் ஹெல்சின்கிக்கு அருகே தாமே ஒரு பண்ணை வாங்கித் தம் கொள்கைகளை நிலத்தில் நடத்திப் பார்த்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சொந்தப் பணம் முடங்கிய இடத்தில் ஒருவர் தம் கருத்தைச் சோதிப்பது வேறு. பிறர் நிலத்தில் சோதிப்பது வேறு.

இம்முறை ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அவற்றுக்கு அப்பாலும் பரவிற்று. இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும் வன்மையான திராவகங்களைக் கையாளுவது ஆட்களுக்கு ஆபத்தானதால், 1960களில் அவற்றின் இடத்தை எறும்பின் நஞ்சில் உள்ள பார்மிக் அமிலம் பெற்றது. இன்றும் வட ஐரோப்பாவில் பார்மிக் அமிலம் சேர்த்த ஊறுகாய்ப் புல் சாதாரணமாகச் செய்யப்படுகின்றது. திராவகம் மாறினும் புளிப்பை முதலிலேயே இறக்கிவிட வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

இனி வேர்முடிச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி. பயறினச் செடிகளின் வேரில் உள்ள சிறு முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. விர்த்தனென் கிருமியற்ற மணலில் பட்டாணியையும் வாற்கோதுமை முதலிய தானியங்களையும் சேர்த்து வளர்த்தார். நைட்ரஜன் எரு இம்மியும் இடாத அம்மணலில் தானியச் செடியும் பசுமையாக வளர்ந்தது. பட்டாணி வேர், தான் சேர்த்த நைட்ரஜனில் ஒரு பகுதியை மணலில் கசியவிடுகிறது என்றும், அது பெரும்பாலும் அஸ்பார்டிக் அமிலம் என்ற பொருளாக இருக்கிறதென்றும் அவர் வெளியிட்டார். சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைக்கும் நாட்டில் இது எவ்வளவு முக்கியமான செய்தி என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பெர்ரி வில்ஸன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் இதே சோதனையைச் செய்தபோது வேர்க் கசிவு பெரும்பாலும் காணப்படவில்லை. இது 1930களில் நடந்த பெரிய விவாதம். வில்ஸன் ஹெல்சின்கிக்கே சென்று விர்த்தனெனுடைய பரிசோதனைச் சாலையில் நேரில் பார்த்தார். குளிர்ந்த காற்றும் நெடிய பகலும் அமைந்த வடநாட்டுக் கோடையில் கசிவு நிகழ்கிறது. வெப்பமும் ஒளியும் வேறான இடங்களில் அது நிகழ்வது அரிது என்ற முடிவுக்கே பின்னர் வந்து சேர்ந்தனர். ஓரிடத்தில் மெய்யாயிருப்பது மற்றோரிடத்திலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதன் அபாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கலப்புப் பயிரின் பயன் நம்மவர்க்குப் பழக்கத்தால் தெரிந்ததே. பயறினச் செடியின் நைட்ரஜனில் பெரும்பகுதி, அதன் வேரும் தழையும் மட்கும்போதுதான் அடுத்த பயிருக்குக் கிடைக்கிறது.

நைட்ரஜன் முடிச்சினுள் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பற்றி விர்த்தனென் சொன்ன கொள்கையும் நிலைக்கவில்லை. முதலில் ஹைட்ராக்ஸிலமின் என்ற பொருள் உண்டாகி அதிலிருந்து அஸ்பார்டிக் அமிலம் உண்டாகிறது என்று அவர் கருதினார். கனத்த நைட்ரஜனை அடையாளமாக வைத்து வில்ஸன், பர்ரிஸ் முதலியவர்கள் 1940களிலிருந்து செய்த சோதனைகளில் முதலில் உண்டாவது அம்மோனியாவே என்று தெரிந்தது. இருந்தபோதிலும் அவருடைய கொள்கையை அறிஞர்கள் வீணென்று ஒதுக்கவில்லை. பொய்யென்று காட்டுவதற்கேனும் சோதிக்கத் தக்க தெளிவான ஒரு கூற்றை அவர் முன்வைத்தார். அதனால் இத்துறை ஓரிடத்தில் தேங்காமல் ஓடிற்று.

நிலைத்து நின்றது முடிச்சின் சிவப்பு நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சி. அச்சிவப்பு, விலங்குகளின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் போன்றது என்று ஜப்பானியரான குபோ 1939-இல் கண்டிருந்தார். சிவப்பு உள்ள முடிச்சே நைட்ரஜனைப் பிடிக்கிறது, வெளுத்த முடிச்சு பிடிப்பதில்லை என்று விர்த்தனென் 1945-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். செடியை இருட்டில் வைத்தாலும், அதன் பருவம் முடிந்தாலும் சிவப்பு பச்சையாகத் திரிந்துவிடும். அத்தோடு வேலையும் நின்றுவிடும். இச்சிவப்புப் பொருளுக்கு லெக்ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவரும் அவரே. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி பிராணவாயு மிகுந்தால் கெட்டுவிடும். ஆனால் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களோ பிராணவாயு இன்றி உழைக்க முடியாது. இச்சிவப்புப் பொருள் அவ்வாயுவை அளந்து கொண்டுபோய்க் கொடுக்கிறது என்பது பிற்கால அறிஞர்களால் விளங்கிற்று. இந்நாளில் அமெரிக்கக் கம்பெனியொன்று சோயா வேரின் இதே பொருளை ஈஸ்ட்டின் மூலம் உண்டாக்கி, இறைச்சி கலவாத உணவுக்கு இறைச்சியின் நிறமும் சுவையும் ஏற்றி விற்கிறது. விர்த்தனென் இதனைக் கனவிலும் கருதியிரார்!

இதனை நமது வயலிலேயே பார்க்கலாம். நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியவற்றில் பூக்கும் பருவத்துச் செடியொன்றை வேர் அறாமல் மண்வெட்டியால் தோண்டி, மண்ணை நீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது உழைக்கிறது. வெளுத்திருந்தால் பயனற்ற நுண்ணுயிர் குடியேறியதாகவோ முடிச்சு இன்னும் முதிராததாகவோ கொள்க. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. வயலில் பல இடங்களில் பார்த்தும் பெரும்பாலும் வெளுத்த முடிச்சுகளே தென்பட்டால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அடுத்த விதைப்பில் அந்தப் பயிருக்கென்று தயாரித்த ரைசோபியம் உயிர் உரத்தை விதையோடு கலந்து விதைத்துப் பார்ப்பது நலம். ஒரு பயிரின் ரைசோபியம் மற்றொரு பயிருக்கு ஆகும் என்று எண்ணற்க.

1931-இல் ஹெல்சின்கியில் ஜீவ ரசாயன ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது விர்த்தனென் அதன் தலைவரானார். அவ்வாண்டு முதல் தொழிற் கல்லூரியிலும், 1939 முதல் 1948 வரை ஹெல்சின்கி சர்வகலாசாலையிலும் பேராசிரியராயிருந்தார். 1948 முதல் 1963 வரை பின்லாந்து அகாடமியின் தலைவர். பரிசும் பதவியும் வந்தபின்னும் சொந்த மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளவில்லை. புகையும் மதுவும் தொட்டதில்லை. கம்புப்பயிரைப் போலக் குளிர்நாட்டில் ஏழைகளின் தானியமான ரை என்பதன் இளநாற்றில் பூஞ்சாண நோயை எதிர்க்கும் ஒரு பொருளை 1955-இல் அவரும் அவர் உதவியாளரும் பிரித்தெடுத்தனர். வெங்காயம் அரியும்போது கண்ணீர் வரவழைக்கும் பொருளுக்கு மூலமான கந்தகச் சத்தையும் அவருடைய நிலையத்தார் ஆராய்ந்தனர்.

எழுபதை அணுகும் வயதில் அவர் தொடங்கிய சோதனை எல்லாவற்றிலும் விந்தையானது. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், யூரியா போன்ற எளிய நைட்ரஜன் பொருளிலிருந்தே புரதத்தைக் கட்டிக்கொள்ள வல்லவை. மாடு அந்நுண்ணுயிர்களைச் செரித்துத் தன் புரதத்தைப் பெறுகிறது. இவ்வழியால் மட்டும் ஒரு கறவைப்பசு வாழமுடியுமா? விர்த்தனென் சில பசுக்களைப் படிப்படியாகப் பழக்கி, புரதமே இல்லாத தீனியில் நிறுத்தினார். சுத்தம் செய்த மாவுப்பொருள், சர்க்கரை, மரக்கூழிலிருந்து எடுத்த நார், யூரியா, அம்மோனிய உப்புக்கள், தாது உப்புக்கள், சிறிது எண்ணெய், வைட்டமின்கள் ஆகியவையே அத்தீனி. பசுக்கள் கன்று ஈன்றன, பால் கறந்தன. நன்கு பழகிய பசு ஆண்டொன்றுக்கு 4000 கிலோவுக்கு மேலும் கறந்தது. பாலின் புரதம் சாதாரணப் பாலின் புரதத்திலிருந்து வேறுபடவில்லை. 1966-இல் சயன்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் இம்முடிவுகளை வெளியிட்டபோது அவருக்கு வயது 71. மனிதன் உண்ண உதவாத நாரும் உப்பும் கொண்டு பால் உண்டாக்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுவதில்லை. அவர் 1973-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி காலமானார்.

இவற்றில் நமக்கு எட்டக்கூடியவை எவை? திராவகம் தெளிக்கும் முறையை நமது பண்ணைகளில் கைக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அனுபவமில்லாதார் கையில் அது கண்ணையும் தோலையும் கெடுக்கும். சோளமும் மக்காச்சோளமும் பால்பிடிக்கும் பருவத்தில் அறுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, குழியில் காற்றின்றி மிதித்து மூடினால் தாமே நன்றாகப் புளிக்கும். குதிரை மசால், தட்டைப்பயறு ஆகியவற்றைத் தனியே இடாமல் சோளத்தோடு கலந்தாவது, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு தெளித்தாவது இடவேண்டும். விர்த்தனென் திராவகத்தால் செய்ததைக் கழிவுப்பாகின் சர்க்கரை கிருமிகளின் மூலம் செய்துவிடும். அறுவடையில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். கெட்ட கிருமிகள் அதனோடுதான் வருகின்றன. குழியைத் திறந்தபின் தினந்தோறும் ஓர் அடுக்கை எடுத்துவிட்டு உடனே மூட வேண்டும்.

வைக்கோலுக்கு யூரியா இடும் முறை பலரும் அறிந்ததே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காய்ச் சீராகத் தெளித்து, நன்றாக மிதித்து, காற்றுப் போகாமல் மூடி மூன்று வாரம் வைத்திருந்து, பின் எடுத்துச் சிறிது ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும், குதிரை முதலிய அசைபோடாத பிராணிகளுக்கும் இதனைக் கொடுக்கக் கூடாது. மாடுகளுக்கும் முதல் வாரத்தில் சாதாரண வைக்கோலோடு கலந்து சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். கரைசலை மாடு எட்டும் இடத்தில் வைப்பதும், யூரியாவைக் கண்ணளவாகப் போடுவதும் உயிருக்கே ஆபத்து. தராசில் நிறுத்தே போடுக.